இருட்டறையில் முளைத்த கோதுமை

விளக்கைப் போட்டது யார் என்று கண்டுபிடிக்கத் துப்பறியும் நிபுணரை அழைப்பார்கள் என்று லோரான்ட் கனவிலும் நினைத்ததில்லை. கார் திருட்டு, ஓடிப்போன கணவன், கள்ளக் கையெழுத்து என்று செகெட் நகரத்தின் சந்துபொந்தெல்லாம் ஹெட்விக்கோடு அலைந்திருக்கிறான். அவள் போலீஸ் வேலையை விட்டுவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கிய நாளிலிருந்து அவளுக்குக் கார் ஓட்டுபவனும் அவன்தான், வாய் ஓட்டுபவனும் அவன்தான்.

"பாஸ், கரண்டு பில் ஆபீஸுக்குப் போக வேண்டிய கேஸு, வழி தவறி நம்மகிட்ட வந்திருக்கு" என்றான் லிஃப்டில்.

ஹெட்விக் சூரியகாந்தி விதை ஒன்றைப் பல்லில் உடைத்துத் தோலைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

ஆராய்ச்சிக்கூடத்தின் நான்காம் மாடியில் டாக்டர் வாய்தா பிரோஷ்கா காத்திருந்தாள். ஐம்பத்தெட்டு வயது. ஒடிசலான உடம்பு, குட்டையாக வெட்டிய நரைமுடி. மூளையைப் படிப்பவர்கள் உலகத்தில் எங்கே கூடினாலும் அவளுடைய பெயரைச் சொன்னால் தெரியும் என்று லோரான்ட் கேள்விப்பட்டிருந்தான். ஆனால் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்து, காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தால், பிள்ளையைப் பறிகொடுத்தவள் போலத்தான் இருந்தாள்.

விஷயத்தைப் பொறுமையாகச் சொன்னாள். மூளையில் நரம்புச் செல்கள்தான் ஒன்றோடொன்று பேசுகின்றன என்று எல்லோருக்கும் தெரியும். அவற்றுக்கு நடுவே சத்தமே போடாமல் இன்னொரு கூட்டம் இருக்கிறது. அவை துணைச் செல்கள். குழந்தைப் பருவத்தில் நரம்புகள் கண்டபடி கைகோத்துக்கொள்ளும். எந்தக் கை இறுக வேண்டும், எந்தக் கை விடுபட வேண்டும் என்று தீர்மானிப்பது இந்தத் துணைச் செல்கள். வயது வந்ததும் அவையே எல்லாப் பிடியையும் இறுக்கி முடிச்சுப் போட்டுவிடும். அதன்பிறகு மூளை புதிதாகப் பார்க்கக் கற்றுக்கொள்வது குதிரைக் கொம்பு.

"சேத்து வைக்கிறதும் அவங்க, பிரிச்சு வைக்கிறதும் அவங்க. எங்க அத்தை மாதிரி" என்றான் லோரான்ட்.

பிரோஷ்கா லேசாகச் சிரித்தாள். வளர்ந்த எலியின் மூளையில் இளம் துணைச் செல்களைக் கொண்டுபோய் வைத்தால் முடிச்சு மறுபடி தளர்கிறது என்று அவள் கண்டுபிடித்திருந்தாள். பிறவியிலேயே மங்கலாக இருந்த கண், பார்க்கக் கற்றுக்கொண்டது. முதல் தொகுதி எலிகளில் அது பலித்துவிட்டது. இலையுதிர் காலத்தில் மனிதர்களுக்குச் செய்து பார்க்க அனுமதி கிடைக்கும் நிலை. அதற்கு முன்னால் இரண்டாம் தொகுதி எலிகளைப் பிறந்ததிலிருந்தே இருட்டறையில் வளர்த்தார்கள். கண் வழியாக மூளைக்குள் எதுவுமே போகக் கூடாது. அப்போதுதான் மூளைக்குள் நடக்கிற மாற்றமெல்லாம் துணைச் செல்களின் வேலைதான் என்று அடித்துச் சொல்ல முடியும்.

அந்த அறைக்குள் வெளிச்சம் வந்துவிட்டது. வெளிச்சம் வந்தால் காட்டிக்கொடுப்பதற்காகச் சுவரில் குத்தி வைத்திருந்த போட்டோ காகிதம் திங்கட்கிழமை பார்த்தபோது கறுத்துப் போயிருந்தது. லேசாக வெளிச்சம் பட்டால் காகிதம் சிவக்கும், அவ்வளவுதான். இந்த அளவுக்குக் கறுக்க வேண்டுமென்றால் ஒரு பகல் முழுக்க விளக்கு எரிந்திருக்க வேண்டும். வார இறுதியில் அந்த அறைப் பொறுப்பு நொயெமி என்ற ஆராய்ச்சி மாணவிக்கு. பிரோஷ்கா அவளை அன்றைக்கே வெளியே அனுப்பிவிட்டாள். அறையைப் பூட்டிவிட்டாள். கெட்டுப்போன தொகுதியை வைத்திருக்கக் கூடாது என்பது விதி. இன்றைக்கு மாலை கால்நடை மருத்துவர் வந்து எலிகளுக்கு ஊசி போடுவார். அதோடு எரித்துவிடுவார்கள்.

"அந்தப் பொண்ணு நல்லா வேலை செய்வா. தானா இதைச் செஞ்சிருக்க மாட்டா. யாரோ செய்ய வச்சிருக்காங்க. அது யாருன்னு எனக்குத் தெரியணும்" என்றாள் பிரோஷ்கா.

ஹெட்விக் அந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்கினாள். கறுப்பு உறைக்குள் இருந்தது. உள்ளங்கை அகலம். வெளியே எடுத்துச் சட்டென்று ஒரு தரம் பார்த்தாள். மேலே ஊசி குத்திய ஓட்டை. கீழ் மூலையில் நகம் அளவுக்கு ஒரு வெளிறிய வளைவு. மற்ற இடமெல்லாம் ஒரே கறுப்பு. எந்த மாதிரி ஊசி என்று கேட்டாள். பலகையில் குத்துகிற, பெரிய தலை கொண்ட ஊசி என்றாள் பிரோஷ்கா.

சுவரில் ஒரு பழைய புகைப்படம் தொங்கியது. அதில் பிரோஷ்காவின் கண்ணாடியில் இடது பக்க வில்லை மட்டும் பால் நிறத்தில் மங்கலாக இருந்தது. சின்ன வயதிலிருந்தே அந்தக் கண் உதவாது, அதனால்தான் இந்தப் படிப்புக்கே வந்தேன் என்றாள். இப்போது அவள் போட்டிருந்த கண்ணாடியில் இரண்டு வில்லையும் தெளிவாக இருந்தன. ஹெட்விக் அதையும் பார்த்துக்கொண்டாள்.

வழியனுப்ப எழுந்த பிரோஷ்கா கதவருகே போய், கைப்பிடியைத் தேடிக் கதவின் கீல் பக்கம் தடவினாள். ஒரு கணம் அப்படியே நின்றாள். பிறகு சரியான பக்கம் கையைக் கொண்டுபோய்த் திறந்தாள். பாவம், தூக்கமில்லாமல் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டான் லோரான்ட்.

தாழ்வாரத்தில் ஹெட்விக் அவனிடம், போன கோடையில் திஸா ஆற்றங்கரையில் நாள் முழுக்க வெயிலில் படுத்தாயே, முதுகு எப்படி இருந்தது என்று கேட்டாள்.

"வறுத்த பன்றி மாதிரி. பனியன் இருந்த இடம் மட்டும் வெள்ளையா."

"அந்த அறையில விளக்கு எரிஞ்சு காகிதம் கறுத்திருந்தா, ஊசித் தலைக்கு அடியில அதே மாதிரி ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கணும். இல்ல."

லோரான்ட்டுக்கு உறைக்க ஒரு நிமிடம் ஆனது. அப்படியானால் காகிதம் வேறு எங்கேயோ கறுத்து, பிறகுதான் சுவருக்கு வந்திருக்கிறது.

இருட்டறையைக் காட்ட டாக்டர் கெல்லர்ட் வந்தார். ஒரு காலத்தில் பெரிய மூளை அறுவை மருத்துவர். மனைவி இறந்த பிறகு மருத்துவமனையை விட்டுவிட்டு இங்கே சேர்ந்தவர். இருபது வருடமாகப் பிரோஷ்காவுக்கு வலது கை. கனிவான முகம், தளர்ந்த நடை. முன்னறையில் மோதிரத்தைக் கழற்றிவைத்துவிட்டு முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். துடைத்துக்கொண்டு அப்படியே நடந்தார். மோதிரத்தை மறந்துவிட்டீர்கள் என்று லோரான்ட் எடுத்துக் கொடுத்தான். அறுவை மேஜைக் காலத்துப் பழக்கம், எங்கே கழற்றினாலும் அங்கேயே விட்டுவிடுவேன், இங்கே எல்லோருக்கும் அதைத் தேடித் தருவதே வேலை என்று கெல்லர்ட் வருத்தத்தோடு சிரித்தார்.

உள் கதவைத் திறக்கும்போது, "இனிமே என்ன இருக்கு, விளக்கையே போட்டுக்கலாம்" என்று சுவிட்சிடம் கையைக் கொண்டுபோனார்.

ஹெட்விக் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள். "வேணாம் டாக்டர். இங்க வேலை செய்யறவங்க எப்படிப் போவாங்களோ அப்படியே நாங்களும் போறோம்."

இருட்டிலும் பார்க்க உதவும் கண்ணாடிகள் ஆணியில் தொங்கின. முகத்தில் பாதியை மறைக்கிற அதை மாட்டிக்கொண்டு லோரான்ட் உள்ளே போனான். எல்லாம் சாம்பல் பூசியது போலத் தெரிந்தது. அடுக்கடுக்காகக் கூண்டுகள். மரத்தூள், மூத்திர வாடை. நூறு சின்ன நகங்கள் கீறுகிற சத்தம்.

முதல் கூண்டில் ஒரு எலி மூலையில் நின்று வெறும் கம்பியை நக்கிக்கொண்டிருந்தது. தண்ணீர்க் குடுவை எதிர் மூலையில் இருந்தது. எலி நக்குவதை நிறுத்தி, யோசித்து, நேராகப் போய்ச் சுவரில் மூக்கை இடித்துக்கொண்டது.

"எங்க மச்சான் குடிச்சிட்டு வீட்டுக்கு வர்ற மாதிரியே இருக்கு" என்றான் லோரான்ட் கிசுகிசுப்பாக. அடுத்த கூண்டிலும் அதே கதை. அதற்கடுத்ததிலும். மூன்றாவது கூண்டுக்குப் பிறகு அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. பிறந்ததிலிருந்து இருட்டிலேயே வளர்ந்த பிராணிக்குத் தன் கூண்டு தலைகீழ்ப் பாடமாக அல்லவா இருக்க வேண்டும்?

ஹெட்விக் ஒரு கூண்டைத் திறந்து, குடுவை சொட்டி நனைந்திருந்த மரத்தூளில் விரலை விட்டாள். எதையோ பிடுங்கி உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள்.

கெல்லர்ட்டிடம் விடைபெற்று, தாழ்வாரத்தின் கடைசிச் சன்னலுக்கு வந்த பிறகுதான் கையை விரித்தாள். தீனியிலிருந்து சிந்திய கோதுமை மணி ஒன்று முளைவிட்டு இரண்டு விரல் உயரம் வளர்ந்திருந்தது. வேகவைத்த சேமியா போல வெளுத்துக் கிடந்தது. பச்சை என்று ஒரு பொட்டுக்கூட இல்லை.

"இவ்வளவு வளர ஒரு வாரம் ஆகும். வார இறுதியில ஒரு பகல் வெளிச்சம் பட்டிருந்தா இது பச்சை பிடிச்சிருக்கும். அந்த அறைக்குள்ள விளக்கே எரியல லோரான்ட்."

அப்படியானால் நொயெமி குற்றமற்றவள், வேலை முடிந்தது, மீன் சூப் குடிக்கப் போகலாம் என்றான் அவன். ஹெட்விக் இல்லை என்று தலையசைத்தாள். யாரோ ஒருவர் எலிகளைத் தொடாமலே அவற்றுக்குச் சாவு எழுதியிருக்கிறார். விளக்கைப் போட்டிருந்தால் நிஜமாகவே கெட்டிருக்கும், அந்தச் சுலபமான வேலையை அவர் செய்யவில்லை. அந்த அளவுக்கு ஆராய்ச்சி மேல் பாசம் உள்ளவர். அதே நேரம், இந்த எலிகளை யாரும் கிட்டே போய்ப் பார்த்துவிடக் கூடாது என்று பயந்தவர்.

பாலம் தாண்டி ஆற்றின் அக்கரையில் நொயெமி வாடகைக்கு இருந்தாள். கதவைத் திறந்தபோது படுக்கை மேல் பெட்டி பாதி நிரம்பியிருந்தது. மக்கோ ஊரில் பெற்றோர் வீட்டுக்குப் போகிறாளாம். அவர்களுக்கு வெங்காயத் தோட்டம். மூளையை விட வெங்காயம் மேல், உரித்தால் என்ன வரும் என்று முன்னாலேயே தெரியும் என்றாள். நான்கு வருட உழைப்பு போனதைச் சட்டை மடித்தபடியே சொன்னாள். வேறொன்றைச் சொல்லும்போதுதான் நிமிர்ந்தாள்.

"அவங்க எங்கிட்ட ஒரு கேள்வி கேக்கல. நீதான் செஞ்சியான்னுகூடக் கேக்கல. காகிதத்தைப் பாத்தாங்க, போன்னாங்க."

எலிகளைப் பற்றி ஹெட்விக் கேட்டாள். நொயெமி மடித்துக்கொண்டிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். இரண்டு வாரம் முன்பே கவனித்திருக்கிறாள். தண்ணீர் இருக்கும் மூலையை மறந்துவிடுகின்றன, தங்கள் கூடு எது என்று தெரியாமல் அலைகின்றன. கெல்லர்ட்டிடம் சொன்னாள். பிரோஷ்காவை இப்போதே கலவரப்படுத்த வேண்டாம், நானே பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லி, அன்றிலிருந்து தீனி வைக்கும் வேலையை அவரே எடுத்துக்கொண்டார்.

"முடிச்சு தளர்ந்தா புதுசு வரும்னுதானே நினைச்சோம். பழசும் அவுந்து போகுதோன்னு எனக்குச் சந்தேகம். அதைச் சொல்றதுக்குள்ள அனுப்பிட்டாங்க."

திரும்பி வரும் வழியில் லோரான்ட் வண்டியை வேகமாக ஓட்டினான். நடுவில் ஒரு தரம், கதவின் கீல் பக்கம் தடவிய கை அவன் ஞாபகத்துக்கு வந்தது. ஹெட்விக்கைத் திரும்பிப் பார்த்தான். அவளும் விதை கொறிப்பதை நிறுத்தியிருந்தாள்.

வண்டியிலிருந்தே பிரோஷ்காவிடம் தொலைபேசியில் பேசி, டாக்டர் கெல்லர்ட்டின் அறைக்கு வரச் சொன்னாள். அவள் வருவதற்குள் அவரோடு கொஞ்சம் பேச வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை.

கெல்லர்ட்டின் அறை தெற்குப் பார்த்தது. சன்னல் விளிம்பில் மத்தியான வெயில் கொட்டிக் கிடந்தது. அவர் கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். மோதிரம் தொட்டியின் ஓரத்தில் இருந்தது. ஹெட்விக் அதை எடுத்தாள். உறையிலிருந்து காகிதத்தை உருவி மேஜையில் போட்டு, கீழ் மூலையில் இருந்த வெளிறிய வளைவின் மேல் மோதிரத்தைப் பாதி உள்ளே, பாதி வெளியே வைத்தாள். அச்சு அசலாகப் பொருந்தியது.

"போட்டோ காகிதம் வெயில்ல சுருளும். சுருளாம இருக்க எதையாவது வைக்கணும். கை கழுவப் போகும்போது வழக்கம் போல மோதிரத்தைக் கழட்டி அதும்மேல வச்சிருக்கீங்க."

கெல்லர்ட் மறுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் பத்து வயது கூடிவிட்டது போல இருந்தது.

யாருக்கு விலை போனீர்கள் என்று லோரான்ட் கேட்க வாயெடுத்தான். ஹெட்விக் கண்ணால் அடக்கினாள். "டாக்டர், அவங்களுக்கு ஆபரேஷன் செஞ்சது நீங்கதானே?" என்று மட்டும் கேட்டாள்.

ஆமாம் என்று அவர் சொல்லத் தொடங்கினார். முதல் தொகுதி பலித்த அன்றைக்குப் பிரோஷ்கா அவரிடம் வந்து நின்றாள். ஐம்பது வருடமாக ஒரு கண்ணால் உலகத்தைத் தட்டையாகப் பார்த்து அலுத்துவிட்டது, மனிதர்களில் முதல் ஆளாக நானே இருந்துவிட்டுப் போகிறேன் என்றாள். மாட்டேன் என்றார். ஒரு மாதம் விடாமல் கேட்டாள். அவர் அறுவை செய்வதை நிறுத்தி வருடக்கணக்காகியிருந்தது. ஆனாலும் செய்தார். இடது கண் மெல்லத் திறந்தது. பாலத்துக்கும் ஆற்றுக்கும் நடுவே எவ்வளவு தூரம் இருக்கிறது என்று இப்போது தெரிகிறது கெல்லர்ட் என்று சின்னப் பெண் போல அழுதாள்.

பிறகுதான் இருட்டறையில் எலிகள் வழி மறக்கத் தொடங்கின. அதற்கப்புறம் ஒரு நாள், தினமும் சர்க்கரை எடுக்கும் இழுப்பறை எது என்று அவள் தேடினாள்.

"தொகுதி செல்லாதுன்னு ஆயிட்டா மனுஷங்களுக்குச் செய்யிறதும் தள்ளிப் போகும். வேற யாரும் மாட்ட மாட்டாங்க. அவளுக்கும் தெரியாம இருக்கும். இருக்கிற வரைக்கும் அந்தக் கண்ணால சந்தோஷமாப் பாக்கட்டும்னு நினைச்சேன். மூளைக்குள்ள வச்ச செல்லைத் திரும்ப எடுக்க முடியாது. நான் வேற என்ன செய்ய?"

"அந்தப் பொண்ணு?" என்றாள் ஹெட்விக்.

"சின்ன வயசு. வேற இடத்துல சேந்துக்குவான்னு..."

அப்போது வெளியே கதவில் ஒரு சத்தம். யாரும் தட்டவில்லை. கை தடவுகிற சத்தம். கீல் இருக்கும் பக்கம், மேலிருந்து கீழாக, பிறகு கீழிருந்து மேலாக. கெல்லர்ட் கண்ணை மூடிக்கொண்டார். லோரான்ட் எழுந்துபோய்க் கதவைத் திறந்தான்.

பிரோஷ்கா நின்றிருந்தாள். கதவு மெல்லியது. அவள் முகத்தைப் பார்த்தாலே எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரிந்தது.

அவள் யாரையும் திட்டவில்லை. மேஜையிலிருந்த கறுத்த காகிதத்தையும் மோதிரத்தையும் பார்த்தாள். ஹெட்விக்கிடம் ஒன்றே ஒன்றைக் கேட்டாள். இருட்டறைக்குள் நிஜமாகவே வெளிச்சம் போகவில்லையா? ஹெட்விக் கைக்குட்டையைப் பிரித்து வெளுத்த முளையைக் காட்டினாள். பிரோஷ்கா அதை விரலால் தொட்டாள். உடனே தொலைபேசியை எடுத்துக் கால்நடை மருத்துவரை வர வேண்டாம் என்று சொன்னாள். அதற்குப் பிறகுதான் கெல்லர்ட் பக்கம் திரும்பினாள்.

"என் மூளைக்குள்ள என்ன நடக்குதுன்னு சொல்லக்கூடிய சாட்சி உலகத்துலயே அதுங்கதான். அதுங்களை எரிக்கப் பாத்தியே."

"நான் பயந்துட்டேன் பிரோஷ்கா."

"எனக்குப் பயமில்லன்னு யார் சொன்னா? எதைப் பாத்துப் பயப்படணும்னு தெரிஞ்சுக்கற உரிமைகூட எனக்கு இல்லையா?"

அனுமதி தரும் குழுவுக்கு இன்றைக்கே எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும், உன் பெயரையும் என் பெயரையும் சேர்த்து என்றாள் அவள். அவர் தலையை ஆட்டினார். மோதிரத்தை மேஜையிலேயே விட்டுவிட்டு எழுந்தார். லோரான்ட் எடுத்து அவருடைய உள்ளங்கையில் வைத்தான்.

நொயெமியை அழைத்துவர அவனே போனான். வரமாட்டேன் என்றாள். தான் சொல்லக் கூடாது என்று நினைத்திருந்த பிரோஷ்காவின் ஆபரேஷன் விஷயத்தை வாசற்படியிலேயே சொல்லிவிட்டான். அவள் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து வண்டியில் ஏறினாள்.

பிரோஷ்காவின் அறையில் நுழைந்தவள் உட்காரவில்லை. கோட்டுப் பொத்தான்கூடக் கழற்றவில்லை. கதவை ஒட்டியே நின்றாள். பிரோஷ்கா எழுந்து வந்து அவளுக்கு எதிரே நின்றாள். ஒரு கேள்விகூடக் கேட்காமல் அனுப்பியது தவறு, அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன், இதை எல்லோர் முன்னாலும் சொல்வேன் என்றாள். நீ திரும்பி வர வேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை என்றாள்.

"பாதி எலிகளை வெளிச்சத்துக்குக் கொண்டுவரணும். தினமும் வழி சொல்லிக் குடுத்துப் பாக்கணும். அவுந்து போறதைப் பழக்கத்தால திரும்பக் கட்ட முடியுமான்னு. மீதிப் பாதி இருட்டுலயே இருக்கட்டும். நான் பாத்தா எனக்குச் சாதகமாத்தான் பாப்பேன். கெல்லர்ட் பாத்தாலும் அப்படித்தான்." பிரோஷ்கா கண்ணாடியைக் கழற்றினாள். "எலிகளோட சேத்து என்னையும் பாக்கணும். என்மேல இரக்கப்படாத ஆள் வேணும் நொயெமி."

சன்னலுக்கு வெளியே ட்ராம் ஒன்று பாலத்தை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. ஹெட்விக் லோரான்ட்டின் முழங்கையைத் தொட்டாள். இருவரும் வாசல் பக்கம் நகர்ந்தார்கள்.

நொயெமி அந்த நரைத்த தலையையும், தெளிந்த இரண்டு கண்களையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் கண் கலங்கியது. அதைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை.

"நீங்க முதல்ல மறந்தது எது?" என்று கேட்டுக்கொண்டே கோட்டைக் கழற்றினாள்.